வேரை விட்ட வாய்பாடு

கல்விக்கூடத்தில் அமர்ந்து ஒருவர் எழுதிய கட்டுரை, சட்டமன்றத்தின் துணையின்றியே நாட்டின் சட்டமாகிவிடுவது அரிது. வில்லியம் புராசர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1960-இல் கலிபோர்னியா சட்ட ஆய்விதழில் ‘அந்தரங்கம்’ என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரைக்கு அந்தப் பேறு வாய்த்தது. அப்போது அவர் பெர்க்கிலி சட்டக் கல்லூரியின் முதல்வர். 1941-இல் அவர் வெளியிட்ட தீங்கியல் கைந்நூலால் முன்னரே பெரும்புகழ் எய்தியிருந்தார். அக்கட்டுரையை அண்மையில் மீண்டும் படித்தபோது நம் உள்ளத்தில் எழுந்தவற்றை ஈண்டு வாசக அன்பர்கள்முன் வைக்கிறோம்.

தீங்கியல் என்பது, ஒருவர் இழைத்த தீங்குக்கு மற்றவர் நட்ட ஈடு முதலிய பரிகாரம் பெற வழிசெய்யும் சட்டத்துறை. கை கால் முறிந்தாலும் சொத்து அழிந்தாலும் அதில் வழியுண்டு. பொய்யுரைத்துப் பெயரைக் கெடுத்தாலும் உண்டு. ஆனால் உடலைத் தீண்டாமல், பொய்யும் கூறாமல், ஒருவரது தனிவாழ்வைத் தெருவுக்கு இழுத்து வந்தால் என் செய்வது? இவ்வினாவுக்கு விடை காண முயன்றோர் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் எனும் பாஸ்டன் வழக்கறிஞர் இருவர். நொடியில் படமெடுக்கும் கருவியும் வம்பு பேசும் நாளேடுகளும் பெருகிவந்த காலத்தில், 1890-இல், ஹார்வர்டு சட்ட ஆய்விதழில் அவர்கள் எழுதினர். மனிதனைத் தன்பாட்டில் இருக்கவிடுவதும் ஓர் உரிமையே என்பது அவர்தம் கருத்து.

நீதிமன்றங்கள் அதை உடனே ஏற்றுவிடவில்லை. நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் படத்தை, அவளைக் கேளாமலேயே, மாவு விளம்பரத்தில் பதித்து ஏறத்தாழ 25,000 படிகள் பரப்பினர். கடைகளிலும் பொது இடங்களிலும் அவள் முகம் தொங்கியது. தெரிந்தவர் நகைத்தனர், அவள் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்ததாக முறையிட்டாள். படமோ அழகாகவே இருந்தது. அவதூறு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. 1902-இல் அம்மாநிலத்தின் தலைமை மேல்முறையீட்டு மன்றம், நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவளுக்குப் பரிகாரமில்லை என்று தீர்த்தது. மக்கள் கொதித்தெழவே, மறு ஆண்டே அம்மாநிலம் தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. 1905-இல் ஜார்ஜியா மாநில உச்சநீதிமன்றம், இத்தகைய மற்றொரு விளம்பர வழக்கில் உரிமையை ஏற்றுக்கொண்டது. அதன்பின் வழக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்தன.

அவ்வாறு குவிந்த முந்நூறுக்கு மேற்பட்ட தீர்ப்புகளைப் புராசர் படித்து நான்கு குவியலாகப் பிரித்தார். ஒருவரது தனிமையுள் அத்துமீறி நுழைதல் ஒன்று; மறைவான செய்திகளைப் பலரறியப் பரப்புதல் மற்றொன்று; ஒருவரைப் பிறழ்ந்த தோற்றத்தில் காட்டுதல் மூன்றாவது; பெயரையும் உருவையும் தன் ஆதாயத்துக்குக் கையாளுதல் நான்காவது. இவை ஒரே பெயரால் வழங்கினும் வெவ்வேறு தீங்குகளே என்பது அவர் முடிபு. முதலாவதில் காக்கப்படுவது மன அமைதி. அடுத்த இரண்டில் நற்பெயர். இறுதியில் ஒருவகைச் சொத்து.

இத்தெளிவு எளிதில் கைவருவதன்று. குழம்பிக் கிடந்த காட்டில் வழக்கறிஞரும் நீதிபதியும் நடக்கப் பாதை கிடைத்தது. நடையும் இனிமையானது, நகைச்சுவை அவருக்கு இயல்பாகவே வருகிறது. அந்நகைச்சுவையே ஓரிடத்தில் அவரை வழுக்கிவிட்டது. வாரனுடைய மகளின் திருமணத்தை நாளேடுகள் கூத்தாக்கியதே 1890-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குக் காரணம் என்று சுவைபட எழுதுகிறார். வாரன் மணம் புரிந்ததே 1883-இல்! அம்மகளுக்கு அப்போது ஏழு வயதுக்குமேல் இருக்க வழியில்லை. முந்நூறு தீர்ப்புகளை அலசியவர் ஒரு திருமண நாளைச் சரிபார்க்கவில்லையே என்று நாம் வியந்தோம்.

ஆனால் நம் குறை அதுவன்று. க, த, ப என்னும் அரபு மூவெழுத்தினின்று கிதாப், காதிப், மக்தப், மக்தூப் எனச் சொற்கள் கிளைப்பதை ஓதுகின்ற சிறுவரும் அறிவர். வாய்பாடுகள் வேறு, வேர் ஒன்று. புராசர் வாய்பாடுகளைச் செவ்வனே வகுத்துவிட்டு, வேரே இல்லை என்றுவிட்டார்.

இதற்கு எட்வர்டு புளூஸ்டைன் 1964-இல் நியூயார்க் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழில் மறுப்பெழுதினார். மனித கண்ணியமே அந்த வேர் என்பது அவர் வாதம். அவர் எடுத்துக்காட்டும் பழைய வழக்கொன்று நெஞ்சைத் தொடுவது. 1881-இல் மிச்சிகன் மாநில உச்சநீதிமன்றம் தீர்த்தது. ஒரு பெண்ணின் மகப்பேற்று வேளையில், மருத்துவர் தம்மோடு மருத்துவம் அறியா இளைஞன் ஒருவனை அழைத்துவந்தார். அவனும் மருத்துவத் துறையினன் என்றே வீட்டார் நம்பினர். உண்மை பின்னரே தெரிந்தது. அந்த வேளையில் அவள் மன அமைதி எங்கே குலைந்தது? நற்பெயர் எங்கே கெட்டது? ஆயினும் அவளுக்குத் தீங்கு நேர்ந்தது என மன்றம் உணர்ந்தது. புராசர் கட்டுரையில் இவ்வழக்கு போகிற போக்கில் வந்து மறைகிறது.

நாம் விடுதியில் ஓதிய காலத்தில், வீட்டிலிருந்து வந்த கடிதத்தை மற்றொருவர் பிரித்துப் பலர் நடுவே உரக்கப் படித்தார். ஆடு குட்டி ஈன்றதும், தாயார் சலாம் உரைத்ததும் அன்றி அதில் வேறு சேதியில்லை. யாரும் நகைக்கவுமில்லை. எனினும் அக்கடிதத்தை மீண்டும் நாம் எடுத்துப் படிக்கவேயில்லை. எந்த இழப்புக்கு அன்று ஈடு கேட்டிருப்போம் என்று புராசர் வினவினால் நம்மிடம் விடையிராது. புளூஸ்டைன் வினவவே மாட்டார்.

அதற்காகப் புளூஸ்டைன் பக்கமே நியாயம் முழுதும் சாய்ந்துவிடுவதில்லை. நாள்தோறும் தன் முகத்தை விலைபேசும் திரைநடிகர், கேளாமல் விளம்பரத்தில் இட்டுவிட்டனர் என்று வழக்கிட்டால், அவர் இழந்தது கண்ணியமா, கூலியா? இங்கே புராசரின் ‘சொத்து’ என்னும் சொல்லே பொருந்துகிறது. கண்ணியம் என்னும் பெருஞ்சொல்லை மட்டும் கையில் கொடுத்தால் நீதிபதி எங்கே கோடு கிழிப்பார் என்பதற்கும் அவரிடம் போதிய விளக்கமில்லை.

புராசர் 1972-இல் காலமானார். அமெரிக்கச் சட்டக் கழகத்தின் தீங்கியல் தொகுப்புரை 1977-இல் அவருடைய நான்கு பிரிவுகளையும் ஏற்று வெளிவந்தது. வேறு வகைகளும் தோன்றலாம் என்று அது கதவைத் திறந்தே வைத்தது. நீதிமன்றங்கள் அவ்வாசலை மிகுதியும் நாடவில்லை. சிதறிக் கிடக்கும் சிறு செய்திகளைக் கணிப்பொறியில் திரட்டி ஒரு மனிதனின் முழு உருவத்தையும் வரைந்துவிடும் தீங்கு நான்கில் எதிலும் செவ்வையாய் அடங்கவில்லை. டேனியல் சோலோவ் 2006-இல் அந்தரங்கக் கேடுகளைப் பதினாறு வகையாக விரித்தார். நீல் ரிச்சர்ட்சுடன் சேர்ந்து 2010-இல் அவர் எழுதிய கட்டுரை, புராசர் விட்டுச்சென்றது நன்மையும் தீமையும் கலந்த சொத்து என்கிறது.

அந்தச் சொத்தின் சாயல் நம் நாட்டிலும் தென்படுகிறது. தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரின் தன்வரலாற்றை வெளியிடுவது குறித்து ‘நக்கீரன்’ இதழாசிரியர் தொடுத்த வழக்கில், 1994-இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்தரங்கத்துக்கு இரு முகம் உண்டு என்றது: ஒன்று அரசமைப்பு தருவது, மற்றொன்று தீங்கியல் வழியே நட்ட ஈடு தருவது. இரண்டாவதற்கு மன்றம் காட்டிய எடுத்துக்காட்டு, ஒருவரது பெயரையோ உருவையோ இசைவின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துதல். புராசரின் நான்காம் குவியல் அது; மாவு விளம்பரத்தில் தொங்கிய அந்தப் பெண்ணின் முகமும் அதுவே.