சுத்த ரத்தம்: சைக்கிள் பந்தயமும் உழைக்கும் உடலும்

ஊக்கமருந்து குறித்து நம்மிடையே இரண்டு விதமான பேச்சுத்தான் புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று, நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கம் பேசுவது: மாட்டிக்கொண்டார், பதக்கம் போச்சு, தேசத்துக்கு அவமானம். மற்றது, நம் தோழர்கள் இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது பேசுவது: விளையாட்டே மக்களை மயக்கும் சரக்கு, அதில் எவன் ஊசி போட்டால் நமக்கென்ன. முதல் பேச்சுக்கு உடல் என்பது தேசத்தின் சொத்து. இரண்டாவது பேச்சில் உடல் என்ற ஒன்றே இல்லை. தினமும் சைக்கிள் மிதிக்கிறவன் என்ற முறையில் இரண்டாவது பேச்சுத்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. மூச்சு, தொடை, நாடித்துடிப்பு இவற்றோடெல்லாம் எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு அரசியலை நாம் எங்கிருந்து கற்றுக்கொண்டோம்?

திருவண்ணாமலையில் ஓட்டுகிறவர்களுக்குக் கிரிவலப் பாதை வசதி. ஒரு சுற்று 14 கிலோமீட்டர். பௌர்ணமி தவிர்த்த நாட்களில் விடியுமுன் இறங்கினால் வாயு லிங்கம் வரைக்கும் வண்டித் தொந்தரவு அதிகம் இருக்காது. இந்தப் பாதைக்கு ஒரு விசேஷம் உண்டு. சுற்றி வருகிறவர் எல்லோரும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறார்கள். முதலில் வந்தவருக்குத் தனிப்புண்ணியம் ஏதும் கிடையாது. ஆனாலும் நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் ஏற்றத்தில் கால் கடுக்கும்போது, தொலைக்காட்சியில் பார்த்த ஏதோ ஒரு ஆல்ப்ஸ் வளைவு மனசில் ஓடுகிறது. பந்தயக்காரரின் உடலைக் கொஞ்ச நேரத்துக்குக் கடன் வாங்கிக்கொள்கிறேன். அமெச்சூர் சைக்கிள்காரனுக்கும் தொழில்முறைப் பந்தயத்துக்கும் உள்ள உறவு இந்தக் கடன்தான். எனவேதான் 2012இல் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிக்கப்பட்டபோது, எங்களோடு ஓட்டுகிற நண்பர் ஒருவர் சொந்தக்காரர் மோசடி செய்ததுபோல் இடிந்துபோனார். "நம்மள ஏமாத்திட்டாம்பா" என்றார். எதில் ஏமாற்றினார்? இவர் கட்டிய பணம் எது? இந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையில் கேட்கிறேன்.

அமெச்சூர் என்ற சொல்லுக்கு வேர்ப்பொருள் நேசிப்பவர். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தச் சொல் சட்டமானபோது நேசம் ஒரு ஓரமாகப் போய்விட்டது. 1879இல் ஹென்லி படகுப் போட்டிக்காரர்கள் எழுதிய விதியில் கம்மியர், கைவினைஞர், கூலித் தொழிலாளி எவரும் அமெச்சூர் ஆக முடியாது. பணத்துக்கு விளையாடினார்களா என்ற கேள்வியே இல்லை. கையால் வேலை செய்து தேறிய உடம்பு, கனவான்களின் உடம்போடு போட்டி போடக்கூடாது, அவ்வளவுதான். தூய விளையாட்டு என்ற கருத்தாக்கம் இப்படித்தான் பிறந்தது: உழைப்பின் தீட்டுப் படாத உடல். நமக்கு இதைப் புரிந்துகொள்ளத் தனியாக எந்தக் கோட்பாடும் தேவையில்லை, நம் கிணறுகளும் கோயில்களும் போதும். இன்றைக்கும் ஊக்கமருந்து எடுக்காதவரைச் சுத்தமான வீரர் என்றுதான் சொல்கிறோம். சொற்கள் தம் பழைய வேலையை அவ்வளவு சீக்கிரம் மறப்பதில்லை.

ரொலான் பார்த் டூர் டி பிரான்ஸ் பற்றி எழுதியதை நம் கோட்பாட்டு நண்பர்கள் அதிகம் கண்டுகொண்டதில்லை. 1957இல் வந்த அவருடைய தொன்மங்கள் நூலில் அது இருக்கிறது. 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் அதைச் சேர்க்கவில்லை. பந்தயத்தைக் காவியமாக வாசிக்கிறார் பார்த். வீரனுக்குத் திடீரென்று வரும் வேகத்தைத் தெய்வம் இறங்குவதாகவும், ஊசியை அந்தத் தெய்வத்திடமிருந்து திருடுவதாகவும் பார்க்கிறார். ஆகவே ஊக்கமருந்து குற்றம் என்பதைவிடத் தெய்வக் குற்றம். அபாரமான வாசிப்பு. ஆனால் அந்தக் காவியத்தை அச்சடித்து விற்றது யார் என்பதை அவர் கொஞ்சம் வேகமாகவே கடந்துபோகிறார் என்பது என் எண்ணம். 1903இல் லோட்டோ என்ற விளையாட்டுப் பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கியதுதான் டூர். நாளுக்கு நானூறு கிலோமீட்டருக்கும் மேலாக ஓட்டச் சொன்னது விற்பனைக் கணக்கு. 1924இல் பெலிசியே சகோதரர்கள் பந்தயத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார்கள். புறப்படும்போது போட்டிருந்த மேல்சட்டையைக் கழற்றி எறியக்கூடாது என்ற விதியில் வந்த சண்டை. நிருபர் அல்பேர் லோந்திரிடம் அவர்கள் தங்கள் பைகளைத் திறந்து காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கெயின், ஈறுக்குக் குளோரோபார்ம், அப்புறம் மாத்திரைகள். அந்த வீரர்களைச் சாலையின் கடுங்காவல் கைதிகளாகப் பார்த்தார் லோந்திர். அப்போது மருந்து ரகசியம் இல்லை, வேலையின் ஒரு உபகரணம். 1967இல் டாம் சிம்ப்சன் மோன் வாந்து மலையேற்றத்தில் வெயிலில் விழுந்து செத்தபோதும் அவர் உடம்பில் ஆம்பெட்டமின் இருந்தது. அதற்குப் பிறகுதான் சோதனைகள் கறாராகின்றன. உழைப்பின் கேள்வி ஒழுக்கத்தின் கேள்வியாக மாற்றி எழுதப்பட்டது அங்கேதான்.

1998 இந்தக் கதையாடலின் மையம். ஜூலை 8 அன்று பிரான்ஸ்-பெல்ஜியம் எல்லையில் ஃபெஸ்டினா அணியின் காரைச் சுங்க அதிகாரிகள் நிறுத்தினார்கள். உள்ளே எரித்ரோபாய்டின், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் என்று நூற்றுக்கணக்கில் மருந்துகள். ஓட்டிவந்தது வில்லி வோ. அணியில் அவருக்கு வேலை வீரர்களின் காலைப் பிடித்துவிடுவது, பைகளைச் சுமப்பது. முதலில் சிறைக்குப் போனது அந்தக் கால் பிடிக்கிறவர்தான். எரித்ரோபாய்டின் என்பது வேறொன்றுமில்லை, சிறுநீரகம் சுரக்கிற ஹார்மோன். ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஏழை நோயாளி ரத்தசோகைக்குப் போட்டுக்கொள்ளும் அதே ஊசிதான். சைக்கிள்காரரின் நரம்பில் ஏறினால் ஆக்சிஜன் கூடும், ஏற்றத்தில் கால் தளராது. ரத்தம் குழம்பாகித் தடிக்கும் ஆபத்து அவர் தலையில். 2000 வரை இதைக் கண்டுபிடிக்கச் சோதனையே கிடையாது. எனவே சர்வதேச சைக்கிள் சங்கம் 1997இல் ஒரு எல்லை வகுத்தது: ரத்தத்தில் சிவப்பணுக்களின் அளவு ஐம்பது சதத்துக்கு மேல் போகக்கூடாது. தடை என்று பேர். நடைமுறையில் ஐம்பது வரைக்கும் போகலாம் என்ற அனுமதிச் சீட்டு. 1999இல் இத்தாலியப் பந்தயம் முடிய இரண்டே நாள் இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய மார்க்கோ பந்தானி முதலிடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். 2004 பிப்ரவரியில் ஒரு விடுதி அறையில் கொக்கெயினால் இறந்தார்.

அந்த 1998 டூரில் போலீஸ் சோதனைகளை எதிர்த்து வீரர்கள் சாலையிலேயே உட்கார்ந்தார்கள். பதினேழாம் கட்டத்தில் முதுகு எண்களைக் கிழித்தெறிந்தார்கள். அன்றைய ஓட்டம் ரத்தானது. வேலைநிறுத்தம்! நம்மவர்களுக்கு இதைப் படித்ததும் கை துடிக்கும். எனக்கும் துடித்தது. தொழிலாளி உடலின் மீது அரசின் கண்காணிப்பு, அதற்கெதிரான கூட்டு மறுப்பு என்று ஃபூக்கோவைத் துணைக்கழைத்து அழகாக ஒரு பத்தி எழுதிவிடலாம். அதைக் கெடுக்க ஒரு ஆள் இருக்கிறார். கிறிஸ்தோஃப் பாஸோன். அதே ஃபெஸ்டினா அணியில் ஊசி போட மறுத்தவர். 1999இல் வேறொரு அணிக்காக டூரில் ஓட்டியபடியே, பந்தயத்தின் வேகம் நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகையில் எழுதிவந்தார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். மஞ்சள் சட்டையிலிருந்த ஆம்ஸ்ட்ராங் ஓட்டத்தின் நடுவிலேயே அவரருகே வந்து, வீட்டுக்குப் போ என்ற அர்த்தத்தில் பேசினார். பாஸோன் தாங்கமுடியாமல் போய்விட்டார். முந்தின வருஷம் சாலையில் உட்கார்ந்த அதே கூட்டம் இது. மௌனத்தைக் காப்பாற்றுகிற கூட்டு வேறு, உழைப்பைக் காப்பாற்றுகிற கூட்டு வேறு. சாதிச் சங்கத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் மருந்தை அனுமதித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று வாதிடும் நண்பர்கள் பாஸோனை எங்கே வைப்பார்கள்? ஊசியை மறுக்கிற தொழிலாளிக்கு அந்தச் சுதந்திரத்தில் இடமே இல்லை.

ஏமாற்றப்பட்டவர் பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் வரவேண்டும். ஆம்ஸ்ட்ராங் விவகாரத்தில் நடந்தது வேறு. சோதனைக் குடுவைகள் அவரை வீழ்த்தவில்லை. 11 முன்னாள் சக வீரர்களின் சாட்சியம்தான் வீழ்த்தியது. அதன் பிறகு யாருக்கு நஷ்டஈடு? அணிக்குப் பணம் கொடுத்த அமெரிக்கத் தபால் துறையின் சார்பில் நடந்த வழக்கு 2018இல் ஐம்பது லட்சம் டாலரில் முடிந்தது. விளம்பரதாரரின் ஏமாற்றத்துக்கு விலை உண்டு. எங்கள் நண்பர் இடிந்துபோனது, பாவம், அந்த விளம்பரதாரரின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்ததால்தான்.

நம்ம ஊர் சைக்கிள்காரர்கள் யாரும் அந்த உயரத்துக்குப் போனதில்லை. தமிழ்நாட்டில் ஊக்கமருந்துப் பிரச்சினையின் முகம் வேறு. அதைத் தடகளத்தில்தான் பார்க்க முடியும். தோகா என்ற ஒரே நகரம், 800 மீட்டர் என்ற ஒரே தூரம், இரண்டு தமிழ்ப் பெண்கள். 2006 ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அது பறிக்கப்பட்டது. அவர் எந்த மருந்தும் எடுக்கவில்லை. அவருடைய பிறவி உடலே குற்றமானது. 2012இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். 2019இல் அதே தோகாவில் ஆசியத் தடகளப் போட்டி. திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து தங்கம் வாங்கினார். ஊரே கொண்டாடியது. பிறகு ஸ்டீராய்டு கண்டறியப்பட்டது. தங்கம் போனது, நான்காண்டுத் தடை. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றே அவர் சொன்னார். இரண்டையும் ஒன்றாக்கக்கூடாது. ஒன்று இயற்கையின் மீதான அத்துமீறல், மற்றது ஆய்வகத்தில் உறுதியான பொருள். கோமதிக்குப் பின்னால் ஓடிவந்தவர்களுக்கும் நியாயம் வேண்டும். ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்: கூலிக்காரக் குடும்பத்துப் பெண் உடல் மட்டுமே கூண்டில் ஏற்றப்படுகிறது. ஆம்ஸ்ட்ராங் வழக்கில் மருத்துவர் மிக்கேலே ஃபெர்ராரிக்கும் அணி மேலாளருக்கும் வாழ்நாள் தடை விழுந்தது. கோமதி தீர்ப்பில் இருப்பது ஒரே பெயர். மாத்திரை தானாக நடந்து வருமா?

இங்கே மைதானம் என்பது ரயில்வேயிலோ போலீசிலோ வருமானவரி அலுவலகத்திலோ ஒரு வேலை. அந்த வேலைக்கான விண்ணப்பத்தை உடம்பில் எழுதுகிறார்கள். 2022இல் இந்தியாவில் சோதிக்கப்பட்ட 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. 2,000க்கு மேல் சோதித்த நாடுகளில் அந்த விகிதம்தான் அதிகம். 2023 செப்டம்பரில் தில்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஆண்களுக்கான 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியது ஒரே ஒருவர். மைதானக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. இதை ஜோக்காகப் பகிர்ந்தார்கள். ஓடாமல் போன அந்தப் பிள்ளைகள் எந்த வேலைக்காகக் காத்திருந்தார்கள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

கிரிவலப் பாதையில் சைக்கிளில் கேன் கட்டிச் சுக்குக்காப்பி விற்கும் ஒருவர் எனக்குப் பழக்கம். பௌர்ணமிக்கு முந்தின நாள் இடுப்புக்கு வலி ஊசி போட்டுக்கொள்வார். "போட்டுக்கினாத்தான் சார் ராத்திரி முச்சூடும் நிக்க முடியும். இல்லன்னா அந்த மாசம் வாடகை போச்சு" என்றார். லாரி ஓட்டுநர், மூட்டை தூக்குபவர், கொளுத்து வேலைக்காரர் யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு ஊசியோ மாத்திரையோ இருக்கிறது. அதற்கு ஊக்கமருந்து என்று பெயர் கிடையாது, அதைச் சோதிக்க அமைப்பும் கிடையாது. பெலிசியே சகோதரர்கள் பையைத் திறந்து காட்டியது இவரிடம்தான் என்று எனக்குத் தோன்றும். இதே பாதையில் ஒன்றரை லட்ச ரூபாய் வண்டியில் போகிற எங்கள் குழு, ஜிம்மில் வாங்கிய பவுடரைக் கலக்கிக் குடித்துவிட்டு அவரை மணியடித்து ஓரங்கட்டுகிறது. டப்பாவில் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் படித்துப் பார்த்ததில்லை. எங்களைச் சோதிக்கவும் ஆள் கிடையாது.