நளினி ஜமீலாவின் சுயசரிதை: இருமுறை எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை

நளினி ஜமீலா (பிறப்பு 1954) கேரள மாநிலம் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த பாலியல் தொழிலாளி. அத்தொழிலில் உள்ளவர்களின் உரிமைக்காகச் செயல்பட்டவர். அவருடைய சுயசரிதை 2005இல் மலையாளத்தில் டி.சி. புக்ஸ் வெளியீடாக வந்தது. நூறு நாள்களுக்குள் ஆறு பதிப்புகள் கண்டு 13,000 படிகள் விற்றன. தமிழில் குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் 'ஒரு பாலியல் தொழிலாளியின் சுயசரிதை' என்ற தலைப்பில் கிடைக்கிறது. இந்நூலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதில் சொல்லப்பட்டிருக்கும் நிகழ்ச்சிகளைச் சுற்றியே நடந்திருக்கிறது. நூல் உருவான கதை அதே அளவு கவனிக்கத்தக்கது.

இரண்டு வடிவங்கள்

மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோனவர் நளினி. அவர் சொல்லச் சொல்ல, சமூகச் செயற்பாட்டாளர் ஐ. கோபிநாத் எழுதியதே முதல் வடிவம். அது பரபரப்பாக விற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே அதில் தமக்கு நிறைவில்லை என்று நளினி அறிவித்தார். நண்பர்கள் சிலரின் துணையோடு நூலைத் திருத்தி இரண்டாம் வடிவத்தை வெளியிட்டார். ஜெ. தேவிகா 2007இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தது இந்த இரண்டாம் வடிவத்தைத்தான்.

விற்பனை உச்சத்தில் இருக்கும் நூலை அதன் ஆசிரியரே மறுப்பது அரிது. நளினி மறுத்ததற்குக் காரணம் குரல். இழிவு என்றதும் வசைச்சொல், வாடகைக்கு வீடு தர மறுப்பது, காவல் நிலையத்து அடி ஆகியவையே நினைவுக்கு வரும். ஒரு பெண் தன் கதையை எந்தத் தொனியில் சொல்லலாம் என்பதைப் பிறர் முடிவுசெய்வதும் இழிவின் ஒரு முகமே. பாலியல் தொழில் செய்தவளிடம் வாசகர் இரண்டு தொனிகளைத்தான் எதிர்பார்க்கிறார்: ஒன்று அழுகை, மற்றொன்று மன்னிப்பு. நளினி அழவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. பல இடங்களில் சிரிக்கிறார், சில இடங்களில் பெருமையடித்துக்கொள்கிறார். கேரளத்தில் இந்நூலுக்கு எழுந்த எதிர்ப்பில் பெரும்பகுதி இந்தத் தொனிக்கு எதிரானது. தொழிலை உயர்த்திப் பேசுகிறார் என்று ஒழுக்கவாதிகள் சொன்னார்கள். பெண்ணியவாதிகளிலும் ஒரு சாரார் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.

ஐந்து ரூபாய்

சிறு வயதிலேயே ஓட்டுத் தொழிலுக்குக் களிமண் எடுக்கும் வேலைக்குப் போனவர் நளினி. கணவர் இறந்தபோது அவருக்கு இரண்டு குழந்தைகள். குழந்தைகளை வளர்ப்பதற்கு நாளொன்றுக்கு ஐந்து ரூபாய் தர வேண்டும் என்றார் மாமியார். அன்றைய மண்வேலைக் கூலியில் அந்தத் தொகை அடங்காது. தொழிலுக்கு வந்த காரணத்தை நளினி இப்படிக் கணக்காகவே சொல்கிறார். ஏமாற்றிய காதலனோ கடத்திச் சென்ற கயவனோ இதில் வருவதில்லை. திரைப்படத்தில் பார்த்துப் பழகிய கதையை எதிர்பார்க்கும் வாசகருக்கு இது சப்பென்று இருக்கும். நூலின் வலிமை இங்கேதான் தொடங்குகிறது.

முதல் இரவு நூலின் மிகச் சிறந்த பகுதி. திருச்சூர் ராமநிலையம் விருந்தினர் மாளிகையில் அவரிடம் வந்த முதல் ஆள் ஒரு காவல்துறை அதிகாரி. இரவில் கனிவாக நடந்துகொள்கிறார். விடிந்ததும் அதே ஆள் அவரைப் போலீசில் பிடித்துக் கொடுக்கிறார். நிலையத்தில் அடி விழுகிறது. நளினி இதைச் சாபமிடாமல் சொல்லிச் செல்கிறார். ஒரே மனிதரின் இரண்டு முகங்களை முதல் நாளிலேயே பார்த்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார். அறையில் இருந்தவர்கள் இருவர், காலையில் குற்றவாளி ஆனவர் ஒருவர். இழிவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சட்டமும் இந்தப் பங்கீட்டிலிருந்து முழுதும் விலகி நிற்கவில்லை. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான தொழில் தடுப்புச் சட்டம் வயது வந்த ஒருவர் தனியாக இத்தொழில் செய்வதை நேரடியாகக் குற்றமாக்கவில்லை. பொது இடத்தில் ஆளை அழைப்பது, தொழிலுக்காக வீடு நடத்துவது, அதன் வருமானத்தில் வாழ்வது ஆகியவை குற்றங்கள். கடைசிப் பிரிவு தரகர்களைக் குறிவைத்து எழுதப்பட்டது. ஆனால் 18 வயது கடந்த எவரும் அதில் அடங்குவர். தாய் ஈட்டும் பணத்தில் கல்லூரிக்குப் போகும் மகனும் சட்டத்தின் சொற்களுக்குள் வந்துவிடுகிறான். புத்ததேவ் கர்மஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று பிறப்பித்த உத்தரவில், தாய் இத்தொழிலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் குழந்தையைப் பிரிக்கக் கூடாது என்றும், இவர்களைக் காவல்துறை கண்ணியத்துடன் நடத்த வேண்டும் என்றும் கூறியது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழில் இக்குரல்

தமிழ் இலக்கியத்துக்குப் பரத்தையின் பேச்சு புதிதன்று. சங்கப் பாடல்களில் பரத்தை கூற்றாக அமைந்தவை உண்டு. குறுந்தொகையின் எட்டாம் பாடல் பலரும் அறிந்தது. அதைப் பாடியவர் ஆலங்குடி வங்கனார். திருக்குறளின் 'வரைவின் மகளிர்' அதிகாரம் ஆண்களுக்குச் சொல்லும் எச்சரிக்கை. அம்மகளிர் அதில் பேசுவதில்லை. இக்காலத்தில் ஜி. நாகராஜன் 'குறத்தி முடுக்கு' குறுநாவலில் இவ்வுலகத்தை அறம் போதிக்காமல் எழுதினார். அங்கும் எழுதும் கை ஆணுடையது. இந்தப் பின்னணியில் பார்த்தால், இன்னொருவர் எழுதிக் கொடுத்த வடிவத்தை நளினி ஏன் மறுத்தார் என்பது தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும்.

இங்கே இன்னொரு நூலை நினைத்துப் பார்க்கலாம். 'திருடன் மணியன்பிள்ளை'யும் மலையாளத்திலிருந்து வந்ததே, அதையும் தமிழாக்கியவர் குளச்சல் மு. யூசுப். மணியன்பிள்ளை சொல்ல ஜி.ஆர். இந்துகோபன் எழுதிய அந்த நூலில், திருட்டில் தனக்கிருந்த திறமையைத் திருடன் விரிவாகவே சொல்கிறார். வாசகர் அதைச் சாகசமாக ரசிக்கிறார். பிறர் பொருளைக் கவர்ந்தவர் தன் தொழில் நுணுக்கத்தைச் சொல்லலாம். எவர் பொருளையும் கவராத பெண் அதைச் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

நூலின் குறைகள்

நளினி சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கணவனுக்குச் சமைக்க வேண்டாம், அவன் துணியைத் துவைக்க வேண்டாம், பிள்ளை வளர்க்க அவனிடம் அனுமதி கேட்க வேண்டாம், அவன் சொத்துக்குப் பின்னால் ஓட வேண்டாம் என்று பாலியல் தொழிலாளிக்கு நான்கு சுதந்திரங்களை அவர் எண்ணிச் சொல்வது புகழ்பெற்ற பகுதி. ஆனால் அவரே மீண்டும் மீண்டும் திருமணத்தில் பாதுகாப்புத் தேடியவர். முஸ்லிம் ஒருவரை மணந்து சுமார் 12 ஆண்டுகள் தொழிலை விட்டு வாழ்ந்தார்; ஜமீலா என்ற பெயர் அவ்வழி வந்தது. நூல் இந்த முரணைத் தீர்ப்பதில்லை. தீர்க்காததால் வாழ்க்கை வரலாறு என்ற முறையில் அது நம்பகமாகிறது, வாதம் என்ற முறையில் பலவீனமாகிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. தெரிந்து இத்தொழிலுக்கு வந்தவரின் குரல் இது. கடத்தி விற்கப்பட்ட சிறுமியின் அனுபவத்தை இதற்குள் தேடக் கூடாது. நளினியின் துணிச்சலை அவள்மீது ஏற்றிப் பேசவும் கூடாது. இந்தச் சிக்கல் சொல்லிலேயே தெரிகிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வெளியிட்ட கையேடு, 'விபச்சாரி' என்பதற்குப் பதில் 'பாலியல் தொழிலாளி' என்று எழுதச் சொன்னது. ஆள்கடத்தலுக்கு எதிரான அமைப்புகள் ஆட்சேபித்தன. சில மாதங்களிலேயே அச்சொல் மாற்றப்பட்டு, கடத்தலுக்கு ஆளானவர், வற்புறுத்தப்பட்டவர், ஈடுபட்டிருப்பவர் என்று பிரித்துக் குறிக்கும் நீண்ட தொடர் சேர்க்கப்பட்டது. ஆனால் நளினி விரும்பி ஏற்ற பெயர் 'தொழிலாளி' என்பதே.

பின்னர்

நளினியின் இன்னொரு நூல் 2018இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. அவர் சந்தித்த ஆண்களைப் பற்றியது அது. 2021இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசு திரைப்பட விருதுகளில், 'பாரதப்புழா' படத்தின் ஆடை வடிவமைப்புக்காக அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அந்தப் படத்தின் நாயகியும் ஒரு பாலியல் தொழிலாளி. அவள் வெளியே போகும்போது எந்தச் சேலை உடுத்துவாள் என்பதை முடிவுசெய்தவர் நளினி.