குளிர்நீரில் டார்பன்

ஃப்ளோரிடாவில் டார்பன் மீனுக்கு மே, ஜூன்தான் சீசன் என்பார்கள். எனக்கு ஜனவரிதான் பிடிக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று வந்ததும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தின் ஆழமற்ற நீர் சட்டென்று குளிர்ந்துவிடும். டார்பன் ஆழமான ஓடைகளுக்கு இறங்கிவிடும். 2010 ஜனவரிக் குளிரில் எவர்கிளேட்ஸில் டார்பன்கூடச் செத்து மிதந்தது. ஆனால் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் அடித்தால், கருஞ்சேறு படிந்த அலையாத்திக் குடாக்கள் முதலில் சூடேறும். மீன் அங்கேதான் திரும்பி வரும்.

அது மேலே வந்து காற்று குடிப்பதைப் பார்க்க வேண்டும்! அதன் காற்றுப்பை நுரையீரலின் வேலையையும் செய்கிறது. முதுகு புரளும், பெரிய செதில்கள் வெள்ளித் தகடாய் மின்னும், பின்னால் குமிழிகள் கிளம்பும். மீன் போகும் திசையில், அதற்குச் சற்று முன்னால் இறகு கட்டிய தூண்டிலான ஃப்ளை விழ வேண்டும். பிறகு அவசரமே கூடாது. குளிர்ந்த மீன் துரத்தி வராது. ஃப்ளை அதன் மூக்கருகே மெல்ல நகர வேண்டும். கவ்வினாலும் நூல் லேசாகக் கனக்கும், அவ்வளவுதான். அப்போது தூண்டில் கோலைத் தூக்காமல் நூலைக் கையால் நேராக இழுத்தால்தான் அந்த எலும்பு வாயில் தூண்டில் முள் ஏறும். துள்ளும்போது கோலை மீன் பக்கம் தாழ்த்தி நூலைத் தளர்த்த வேண்டும்.

40 அங்குலத்தைத் தாண்டிய டார்பனை நீரிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது ஃப்ளோரிடா விதி. சிறியதையும் நீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள்.