முஅவ்விததைன்: ஓர் இலக்கியப் பார்வை

முஅவ்விததைன் என்பது குர்ஆனின் இறுதியில் உள்ள சூரத்துல் ஃபலக் (113), சூரத்துந் நாஸ் (114) ஆகிய இரு அத்தியாயங்களுக்கும் வழங்கும் பொதுப்பெயர். 'காவல் தேட உதவும் இரண்டு' என்பது இதன் பொருள். முதல் அத்தியாயத்தில் 5 வசனங்களும் அடுத்ததில் 6 வசனங்களும் உள்ளன. இரண்டும் 'கூறுவீராக' என்னும் கட்டளையுடன் தொடங்குகின்றன. நபிகள் நாயகம் இரவில் உறங்கச் செல்லுமுன் இவற்றையும் சூரத்துல் இக்லாஸையும் ஓதி, கைகளில் ஊதி, உடலில் தடவிக்கொள்வார்கள் என்று ஆயிஷா அறிவித்த செய்தி புகாரி தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

அமைப்பு

இரு அத்தியாயங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஃபலக்கில் இறைவன் 'வைகறையின் இரட்சகன்' என ஒரே பெயரால் அழைக்கப்படுகிறான். அங்கே கூறப்படும் தீங்குகள் நான்கு: படைப்புகளின் தீங்கு, பரவும் இருளின் தீங்கு, முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கு, பொறாமைக்காரனின் தீங்கு. நாஸில் இது தலைகீழாகிறது. இரட்சகன், அரசன், வணக்கத்திற்குரியவன் என மூன்று பெயர்களால் இறைவன் அழைக்கப்படுகிறான், தீங்கோ ஒன்றே. அது உள்ளத்தில் கிசுகிசுக்கும் ஊசலாட்டம்.

முதலாவது வெளியிலிருந்து வரும் தீங்கைப் பற்றியது, இரண்டாவது மனிதனின் உள்ளிருந்து எழும் தீங்கைப் பற்றியது என்று 14ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் விளக்கினார். இருளுக்கு எதிராக ஒரு பெயர் போதுமாக இருக்க, மனத்தின் கிசுகிசுப்புக்கு எதிராக மூன்று பெயர்கள் தேவைப்படுவது சிந்திக்கத்தக்கது.

ஒலியும் சொல்லும்

ஃபலக்கின் ஐந்து வசனங்களும் காஃப், பா, தால் என்னும் எழுத்துகளில் முடிகின்றன. இவை அரபு ஓதல் முறையில் 'கல்கலா' எனப்படும் அதிர்வொலி எழுத்துகள். ஓதும்போது ஒவ்வொரு வசனமும் கதவைத் தட்டுவது போல முடியும். நாஸின் ஆறு வசனங்களும் 'நாஸ்' என்ற ஒலியிலேயே முடிந்து, தாழ்ந்த குரலில் பேசுவது போல் காதில் விழும். 'வஸ்வாஸ்' என்ற சொல்லே கிசுகிசுப்பின் ஒலியைக் கொண்டது. பொருளுக்கேற்ற ஓசை என்று தமிழில் நாம் பாராட்டும் பண்பு இதுவே.

இருள், பொறாமைக்காரன் ஆகிய இரண்டுக்கும் 'போது' என்னும் நிபந்தனை இருப்பதையும் கவனிக்க வேண்டும். இருள் பரவும்போது, பொறாமைக்காரன் பொறாமை கொள்ளும்போது என்றே வசனங்கள் அமைந்துள்ளன. இரவு முழுவதும் தீயது என்றோ, ஒரு மனிதன் எப்போதும் பகைவன் என்றோ அவை கூறவில்லை. சில மொழிபெயர்ப்புகளில் இந்த நுட்பம் மங்கிவிடுகிறது.

விளக்க வேறுபாடு

முடிச்சுகளில் ஊதுவோர் என்பதற்குச் சூனியம் செய்வோர் என்றே பெரும்பாலான விரிவுரையாளர்கள் பொருள் கொண்டனர். எகிப்திய அறிஞர் முஹம்மது அப்துஹு (1849–1905), கோள் சொல்லி அன்பின் பிணைப்பை அறுப்போர் என்று விளக்கம் தந்தார். முதல் விளக்கம் மரபின் வலிமை உடையது. இரண்டாவது அன்றாட வாழ்வுக்கு நெருக்கமானது.

மதிப்பீடு

தமிழ் முஸ்லிம் பிள்ளைகள் ஓதுபள்ளியில் முதலில் மனனம் செய்பவற்றுள் இவையும் அடங்கும். மாலைத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் முன்பு குழந்தையுடன் நிற்கும் தாய்மாருக்கு ஓதி ஊதும் வழக்கத்தைப் பல ஊர்களில் காணலாம். பிற சமயத்துத் தாய்மாரும் அங்கே நிற்பதுண்டு. அந்த நம்பிக்கையில் கனிவு இருக்கிறது.

ஆனால் கண்ணேறுக்கும் சூனியத்துக்கும் மருந்தாக மட்டும் இவற்றைக் கருதினால், பிரார்த்தனையின் பாதி கைவிடப்படுகிறது. 'யார் எனக்குத் தீங்கு செய்தார்?' என்று தேடத் தொடங்குபவர் அண்டை வீட்டாரையும் உறவினரையும் சந்தேகிப்பார். அச்சந்தேகமே ஊசலாட்டம், இரண்டாவது அத்தியாயம் காவல் தேடச் சொல்வது அதனிடமிருந்தே. ஊசலாட்டத்தை உண்டாக்குவோர் ஜின்களில் மட்டுமின்றி மனிதர்களிலும் உண்டு என்று கூறி அது நிறைவடைகிறது. குர்ஆனின் கடைசிச் சொல்லும் 'மனிதர்கள்' என்பதே. பிறரது பொறாமையிலிருந்து காவல் கேட்பவர், தம் பொறாமையிலிருந்தும் பிறரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை இவ்விரு அத்தியாயங்களையும் சேர்த்து ஓதும்போதே உணர முடியும்.