பாடுமீனும் குறும்படமும்

மட்டக்களப்பு வாவியின் பாடுமீனைப் பொருளாகக் கொள்ளும் குறும்படத்துக்கு இரு இடர்கள் உண்டு. ஒலியை விளக்கி முடித்துவிடுதல் ஒன்று. அதனை ஆவியின் குரலாக்கி மருட்டுதல் மற்றது. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழியைப் பிரெஞ்சு நெறியாளர் ழான் பான்லவேயின் 'இரத்தக்காட்டேரி' (1945) காட்டுகின்றது. குருதியுண்ணும் வௌவாலை ஆய்வாளர் கண்ணோடு நோக்கும் அக்குறும்படம், மூர்ணோவின் 'நொஸ்பெறாட்டு' (1922) என்னும் பேய்ப்படத்தின் துணுக்குகளையும் டியூக் எலிங்ரனின் ஜாஸ் இசையையும் உடன்வைக்கின்றது. வௌவால் சிறகுயர்த்துங்கால் நாசிகளின் வணக்கம் நினைவுக்கு வருகின்றது. அச்சத்தின் ஊற்று விலங்கன்று, மனிதனே என்பது அதனாற் புலனாகும்.

வாவிக்கு இம்முறை எவ்வாறு பொருந்தும்? 1848இல் இவ்வொலியைக் கேட்ட எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளிவந்த தம் நூலில், அது சிப்பியினத்திலிருந்து எழுவதாகலாம் எனக் கருதினார். மீனவரும் அதனை ஊரியின் குரலென்றே அவருக்குக் கூறினர். ஆயினும் 'மீன்பாடும் தேன்நாடு' என்ற பெயரே நிலைத்தது. உயிரியலுக்கும் பெயருக்கும் இடைப்பட்ட இவ்வெளியே படைப்பாளிக்குரிய களம்.

துடுப்பின் ஒருமுனையை நீரில் நிறுத்தி, மறுமுனையிற் செவிவைத்துக் கேட்பது இங்குள்ள மரபு. போர்க்கால இரவுகளில் அது அரிதாயிற்று. கேளாதே வளர்ந்தோர் பலர். ஆதலின், மீனின் உருவத்தைத் தேடும் படத்தினும், கல்லடிப் பாலத்தடியில் நிலவிரவின் அமைதியைப் பொறுமையோடு கேட்பிக்கும் படமே சிறந்ததாகும்.