சாட்சியத்தின் தரம்: மியான்மர் உண்மையறியும் குழுவின் அறிக்கையை முன்வைத்து

ரோஹிங்கியா மக்களின் துயரம் குறித்து நம் சமுதாய ஏடுகளில் எழுதப்பட்டவை ஏராளம். மேடைகளில் பேசப்பட்டவை அதனினும் அதிகம். எனினும் அத்துயரை ஆதாரங்களுடன் பதிவு செய்த முதன்மை ஆவணமொன்றை முழுமையாக வாசித்தோர் நம்மிடையே மிகச் சிலரே. ஐக்கிய நாடுகள் மனித உரிமைப் பேரவை 2017 மார்ச்சில் நிறுவிய உண்மையறியும் குழு, 2018இல் வெளியிட்ட அறிக்கையையே குறிப்பிடுகிறோம். சுருக்க அறிக்கை ஆகஸ்டிலும், 400 பக்கங்களுக்கு மேற்பட்ட விரிவான அறிக்கை செப்டம்பரிலும் வெளிவந்தன. இந்தோனேசியாவின் மர்சூகி தாருஸ்மான் தலைமையில், இலங்கையின் ராதிகா குமாரசாமி, ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் சிடோட்டி ஆகியோர் அதில் இடம்பெற்றிருந்தனர்.

இக்குழுவை மியான்மர் அரசு தன் எல்லைக்குள் ஒருநாளும் அனுமதிக்கவில்லை. குற்றம் நிகழ்ந்த இடத்தைக் காணாத விசாரணை எவ்வாறு விசாரணையாகும் என்ற வினா அப்போதே எழுப்பப்பட்டது. வினா நியாயமானதே. ஆயின் கதவை அடைத்தவரே, உள்ளே வந்து பார்க்கவில்லையே என்று குறைகூறுவது எவ்வகை நியாயம்? குழுவினர் பங்களாதேஷ், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்குச் சென்றனர். பாதிக்கப்பட்டோரும் நேரில் கண்டோருமாக 875 பேரை விரிவாக நேர்கண்டனர். செயற்கைக்கோள் படங்களையும் ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் அச்சாட்சியங்களோடு ஒப்புநோக்கினர்.

ஹதீஸ் கலையைப் பாடமாகச் சொல்லித் தருபவர்கள் என்ற முறையில், நம் கவனத்தை ஈர்ப்பது இவ்வறிக்கையின் முடிவுகளைவிட அதன் வழிமுறையே. நம் அறிஞர்கள் ஓர் அறிவிப்பை ஏற்குமுன் அறிவிப்பாளர் யார், அவரது நேர்மையும் நினைவாற்றலும் எத்தகையவை என்று துருவினர். பெயரும் நிலையும் அறியப்படாதவர் 'மஜ்ஹூல்' எனப்பட்டார். அவரது அறிவிப்பு பலவீனமடைந்தது. இவ்வறிக்கையிலோ சாட்சிகளின் பெயர்கள் மறைக்கப்பட்டுள்ளன. அவர்களது உயிருக்கும் உறவினருக்கும் பாதுகாப்பு வேண்டி இவ்வாறு செய்தது முற்றிலும் சரியே. எனினும், வாசகர் அறிவிப்பாளரை எடைபோடும் வாய்ப்பை இதனால் இழக்கிறார். அந்த இழப்பை ஈடுசெய்வது எது?

பல்வேறு வழிகளில் வந்து, அத்தனை பேரும் பொய்யில் உடன்பட்டிருப்பது வழமைக்கு அப்பாற்பட்டது எனும் நிலையை எட்டும் செய்தியை 'முதவாதிர்' என்கிறோம். துலா தோலி என ரோஹிங்கியாக்கள் அழைக்கும் மின் ஜீ கிராமத்தில், 2017 ஆகஸ்ட் 30 அன்று ஆற்றங்கரையில் மக்கள் வளைக்கப்பட்டதும், ஆண்கள் பிரித்துக் கொல்லப்பட்டதும், பெண்கள் வீடுகளுக்கு இழுத்துச் செல்லப்பட்டு வன்கொடுமைக்குள்ளானதும், அவ்வீடுகள் கொளுத்தப்பட்டதும் இவ்வாறே பலர் வாய்மொழியாக வந்து பொருந்துகின்றன.

ஒரே முகாமில் மாதக்கணக்கில் சேர்ந்து வாழ்வோரின் நினைவுகள் ஒன்றோடொன்று கலந்துவிடாவா என்று கேட்பாரும் உளர். இங்கேதான் செயற்கைக்கோள் படத்தின் பெறுமதி புலப்படுகிறது. அது முகாம் பேச்சைக் கேட்டதில்லை. வடக்கு ரக்கைனில் முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கப்பட்ட 392 கிராமங்களை அது காட்டுகிறது. ரோஹிங்கியா குடியிருப்புகள் கரிந்து கிடக்க, அருகிலிருந்த ரக்கைன் குடியிருப்புகள் சேதமின்றி நிற்பதையும் காட்டுகிறது. தற்செயலாகப் பரவிய தீ இனம் பார்த்து எரியாது.

அறிக்கையின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். உயிரிழந்தோர் 10,000 பேர் என்பதைக் குறைந்தபட்ச மதிப்பீடாக அது வைக்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முகாம்களில் நடத்திய கணக்கெடுப்பு, 2017 ஆகஸ்ட் 25 தொடங்கி ஒரு மாதத்துக்குள் வன்முறையால் மட்டும் 6,700 பேரேனும் மாண்டதாகக் கூறிற்று. தப்பி வந்தோரிடம் எடுத்த கணக்கில், எவரும் மிஞ்சாத குடும்பங்கள் இடம்பெறுவதில்லை. எனவே இவ்வெண்கள் இறுதிக் கணக்கல்ல. இந்த எச்சரிக்கை சுருக்க அறிக்கையில் போதிய அழுத்தம் பெறவில்லை. 2012 கலவரங்களுக்குப் பின்னும் எச்சரிக்கைகளைப் புறந்தள்ளிய ஐ.நா. அமைப்புகளின் தவறும் சுருக்கமாகவே பேசப்படுகிறது. 2019இல் கெர்ட் ரோசென்தால் அளித்த தனி ஆய்வே அதனைக் கட்டமைப்பின் தோல்வியென வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

இவற்றினும் பெரிய குறை வாசகராகிய நம்மிடம் உள்ளது. இவ்வறிக்கை ரோஹிங்கியாக்களைப் பற்றியது மட்டுமன்று. பெரும்பாலும் கிறிஸ்தவர்களான கச்சின் மக்களும், வடக்கு ஷான் பகுதியினரும் இதே இராணுவத்திடம் பட்ட கொடுமைகளும் அதில் விரிவாக உள்ளன. அப்பக்கங்களை நாம் புரட்டுவதில்லை. ஆயுதமேந்திய ரோஹிங்கியா அமைப்பான அர்சாவின் குற்றங்களையும் குழு பதிந்துள்ளது. அவ்வமைப்பினர் ஹிந்துக் கிராமத்தவரைக் கொன்றதை 2018 மே மாதம் அம்னெஸ்டி இன்டர்நேஷனல் விரிவாக வெளியிட்டபோது, அதனைச் சதியென்று ஒதுக்கியோர் நம்மவருள் உண்டு. தமக்கோ தம் உறவினருக்கோ எதிராக அமையினும் நீதியின் சாட்சியத்திலிருந்து விலகலாகாது என்பது அந்நிஸா அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை. தனக்கு உவந்த சாட்சியை மட்டும் ஏற்பவர், உவவாததை மறுக்கும் தளபதிகளின் முறையையே பின்பற்றுகிறார். மேலும், அர்சாவின் குற்றத்தை மறைக்காததனால்தான் இராணுவத்தைப் பற்றிய குழுவின் கூற்று வலுப்பெறுகிறது.

உண்மையைத் தேடுவோர் கொடுக்கும் விலையை இன் டின் கிராமம் சொல்லும். அங்கு 10 ஆண்கள் கொல்லப்பட்டதை ஆராய்ந்த இரண்டு ராய்ட்டர்ஸ் நிருபர்கள் 2017 டிசம்பரில் கைதாகி, ஏழாண்டுத் தண்டனை பெற்று, 16 மாதங்களுக்கு மேல் சிறையிருந்தனர். கொன்றதற்காகப் பத்தாண்டுத் தண்டனை பெற்ற படைவீரர் எழுவரோ ஓராண்டுகூடச் சிறையில் இருக்கவில்லை.

அறிக்கையால் என்ன விளைந்தது என்று சலிப்போர் உண்டு. அது பெயர் சுட்டிய தளபதி மின் ஆங் லைங், 2021 பிப்ரவரியில் ஆட்சியையே கைப்பற்றினார் என்பது கசப்பான உண்மை. ஆனால் காம்பியா தொடுத்த வழக்கில், 2020 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தபோது இக்குழுவின் பதிவுகளையும் ஆதாரமாகக் கொண்டது. 2024 நவம்பரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் வழக்குரைஞர் அத்தளபதியைக் கைதுசெய்ய ஆணை கோரினார். சேர்த்துவைத்த சாட்சியங்கள் வீணாகவில்லை.

நம் கல்லூரிகளில் ஹதீஸ் கலை பயிலும் மாணவர் இவ்வறிக்கையை ஒருமுறையேனும் வாசிக்க வேண்டும் என்பது நம் பரிந்துரை. முன்னோர் வகுத்த ஆய்வுநெறி இன்றைய மனிதரின் உயிர்க் கணக்கில் எங்கே பயன்படும் என்பதை அவர்கள் அதில் காண்பர். கச்சின் மக்களைப் பற்றிய பக்கங்களையும் சேர்த்தே வாசிக்கட்டும்.