வண்டி நின்றபின் தொடங்கும் நூல்

பயண நூல் ஒன்றை மதிப்பிடப் புகுவோர் எத்தனை ஊர், எவ்வளவு தொலைவு என்று கணக்கிடுவது வழக்கமாகிவிட்டது. அது வழிகாட்டிக் கையேட்டுக்குரிய அளவுகோல். கண்ட காட்சி கண்டவர் நெஞ்சை என்ன செய்தது என்பதே இலக்கியத்துக்குரிய வினா. இவ்வினாவைச் சே குவேராவின் தென்னமெரிக்கப் பயணக் குறிப்புகளிடம் கேட்டுப் பார்ப்போம்.

1951 டிசம்பர் இறுதியில் அர்ஜென்டினாவின் கொர்தோபா நகரிலிருந்து நண்பர் இருவர் ஒரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டனர். ஒருவர் 23 வயது மருத்துவ மாணவர் எர்னெஸ்டோ குவேரா. மற்றவர் 29 வயதுடைய ஆல்பர்டோ கிரானாடோ. உயிர்வேதியியல் கற்றவர், தொழுநோய் மருத்துவத்தில் ஈடுபட்டவர். கிரானாடோவுக்குச் சொந்தமான அந்தப் பழைய நார்ட்டன் வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'வல்லமையுடையவள்' என்று பொருள்படுவது. ஆண்டிஸ் மலையைக் கடந்து சிலி, பெரு, கொலம்பியா வழியாக 1952 ஜூலையில் வெனிசுவேலாவை அடைந்தனர்.

குவேரா பிற்பாடு தம் நாட்குறிப்பைத் திருத்தி எழுதினார். 1967-இல் அவர் மறைந்து, கால் நூற்றாண்டு கழிந்தபின்னரே அவ்வெழுத்து நூலாயிற்று. அதற்கு 'பயணக் குறிப்புகள்' என்பதே ஸ்பானியப் பெயர். 1995-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர்களே தலைப்பில் மோட்டார் சைக்கிளைச் சேர்த்தனர். விற்பனைக்கு அது நல்ல தலைப்பு. நூலுக்கோ பொருந்தாத தலைப்பு. ஏழு மாதப் பயணத்தில் அவ்வண்டி உழைத்தது ஏறத்தாழ இரண்டு மாதமே. சிலியில், சாந்தியாகோ நகரை எட்டுமுன்பே அது ஓய்ந்துவிட்டது. எஞ்சிய வழியில் பெரும்பாலும் லாரியும் கப்பலும் கால்நடையுமே.

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்று அது பிறக்கும் என்றார். இந்நூலின் முற்பகுதிக்கு இதனினும் சிறந்த உரை வேண்டுவதில்லை. சரளைக் கற்கள் நிறைந்த மலைப்பாதையில் இருவரும் விழுகின்றனர், எழுகின்றனர், மறுபடியும் விழுகின்றனர். உடைந்த உறுப்புகளைக் கம்பியால் கட்டி ஓட்டுகின்றனர். சரிவான இடத்தில் பிரேக் பிடிக்காமல் போகிறது. எதிரே மாட்டு மந்தை. தம் பேதைமையைத் தாமே எள்ளும் இப்பகுதி இனிமையானது. ஆயினும் வழியிலுள்ள மக்கள் இங்கே ஓவியமாகவில்லை. உணவும் உறைவிடமும் தருபவராகவே வந்து மறைகின்றனர். வண்டியில் செல்வோருக்கு அடுத்த ஊர்தான் குறி.

வண்டி போனபின் நூலின் குரல் மாறுகிறது. வால்பராய்சோ துறைமுகத்தில் ஆஸ்துமாவும் இதய நோயும் உற்ற ஏழை மூதாட்டி ஒருத்தியைக் குவேரா காண்கிறார். அவரும் ஆஸ்துமா நோயாளியே. கையிலிருந்த சில மாத்திரைகளைத் தருவதற்குமேல் அவரால் இயல்வதொன்றில்லை. உழைக்க இயலாதவர் ஏழைக் குடும்பத்துக்குச் சுமையாகிவிடும் கொடுமையை அவர் அங்கே உணர்கிறார். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்று இளிவரலுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் நான்கும் அச்சிறு அறையில் கூடியிருக்கின்றன.

அடுத்து வருவது சுக்கிகமாத்தா செப்புச் சுரங்கத்துக்குச் செல்லும் பாலைவழி. கம்யூனிஸ்டுக் கட்சி 1948 முதல் சிலியில் தடைசெய்யப்பட்டிருந்தது. அக்கட்சியைச் சார்ந்து சிறை சென்று மீண்ட தொழிலாளி ஒருவரும் அவர் மனைவியும் குளிரில் போர்வையின்றி நடுங்குகின்றனர். நண்பர்கள் தம் போர்வைகளுள் ஒன்றைக் கொடுத்துவிடுகின்றனர். எவரிடமும் அரசியல் கேட்காத கந்தகச் சுரங்கத்துக்கு அத்தம்பதியர் செல்கின்றனர்; வேலை அவ்வளவு கொடியதாதலின் அங்கே கேள்வி இல்லை. குடிகோளும் அலையும் வெகுளிக்குக் களன் என்பதை இவ்விடம் காட்டுகிறது. வண்டி பழுதின்றி ஓடியிருந்தால் இச்சந்திப்பு நேர்ந்திருக்குமா என்பது ஐயமே.

குறைகளையும் கூறுதல் வேண்டும். காரகாஸ் நகரப் பகுதியில் கறுப்பின மக்களைப் பற்றி இழிவாகப் பொதுமைப்படுத்தி எழுதியிருக்கிறார். மலையில் ஏழையைக் கண்ட கண், நகரில் நிறத்தைக் கண்டு தடுமாறுகிறது. தம் முடிவைத் தாமே முன்னறிவிப்பதுபோல் எழுதிய இறுதிக் குறிப்போ, நூலின் இயல்பான நடையோடு ஒட்டாமல் மேடைக் குரலில் நிற்கிறது. 2004-இல் வால்டர் சாலஸ் இயக்கிய திரைப்படம் அமேசானை நீந்திக் கடப்பதை உச்சக்கட்டமாக்கியது. நூலில் அந்நிகழ்ச்சிக்கு அத்தகைய சிறப்பு இல்லை. வீரனைத் தேடுவோர் வீரச்செயலைப் பெரிதாக்குவர். நூலாசிரியருக்குப் பெரிதாகப்பட்டது ஒரு போர்வை.

கிரானாடோவும் தம் நாட்குறிப்பை நூலாக்கினார். அவர் நாள்தோறும் நடந்ததை வரிசையாகத் தருகிறார். குவேரா நடந்ததை மீண்டும் எண்ணிப் பார்த்துத் தருகிறார். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒரே வழியில் இருவர் எவ்வாறு வேறு வேறாகச் சென்றனர் என்பது புலனாகும். மாணவர்க்குப் பயணக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் நல்ல பாடம் அரிது.

இந்நூலைத் தலைவர் ஒருவரின் வரலாற்றுக்கு முன்னுரையாகப் படிப்போர் பலர். அவ்வாறு படித்தால் குறைகளை மறைக்கத் தோன்றும். இளைஞன் ஒருவனின் நூலாகப் படித்தால் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. நகையில் தொடங்கி இளிவரல் வழியே வெகுளியை அடையும் ஒரு நெஞ்சத்தின் வளர்ச்சி, தடுமாற்றங்களோடு கூடவே தெளிவாகத் தெரியும். இந்நூலை இலக்கியமாக்குவது அவ்வளர்ச்சியே.